டிராக்டருக்கு டிப்பர் டிரெய்லர் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: மணப்பாறைப் பக்கம் 12 ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ள 45 குதிரைத்திறன் டிராக்டருக்கு டிப்பர் செய்ய வேண்டும். ஏரி வண்டல், தொழு உரம், கடலைக்கொடி ஆகியவற்றை ஏற்றுவதுதான் முக்கிய வேலை. இடையிடையே வாடகைக்கு மணல், ஜல்லி அடிக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. பட்டறையில் இரண்டு அளவு சொல்கிறார்கள்: 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு சக்கரம், 12 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரத்தில் நான்கு சக்கரம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பெரியதையே எடுக்கும்படி மைத்துனர் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் வேலைகளை வைத்துப் பார்த்தால் சிறிய பெட்டியைத்தான் நான் சொல்வேன். பெட்டியின் கொள்ளளவைப் பார்த்து டிரெய்லர் வாங்குவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் டிராக்டரும் அச்சும் டயரும் தாங்க வேண்டியது எடையைத்தான்.

சிறிய பெட்டியின் கொள்ளளவு 90 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்றுக் குறைவு. பெரிய பெட்டி 144 கன அடி, ஏறத்தாழ ஒன்றரை யூனிட். ஈரமான வண்டல் மண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 டன் எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், சிறிய பெட்டி விளிம்பு மட்டத்துக்கு நிறையும்போது சுமார் 4 டன், பெரிய பெட்டி நிறையும்போது ஆறரை டன். டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டினால், பெரிய வண்டியில் 8 டன்னுக்கு மேற்பட்ட பாரம் சுமார் 2 டன் எடையுள்ள டிராக்டரின் பின்னால் வரும். சமதளத்தில் 45 குதிரைத்திறன் எஞ்சின் அதை இழுத்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது அந்த 8 டன் டிராக்டரை முன்னே தள்ளும், நம் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டுமே அவ்வளவு பாரத்தையும் நிறுத்த வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், விலை வித்தியாசம் குறைவு என்பது பெரியதை வாங்கக் காரணமாகாது. இதே இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: உழவின்போது தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஏறுமுன் கொண்டி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒரு மிதி மட்டும் அழுந்தினால் பின்னால் வரும் பாரம் டிராக்டரையே திருப்பிப் போட்டுவிடும்.

தொழு உரத்துக்குச் சிறிய பெட்டி போதாதே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு மட்கிய உரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோதான் இருக்கும் என்பதால், சிறிய பெட்டி நிறைந்தாலும் ஒன்றரை டன்தான் வரும். அது டிராக்டரின் திறனை வீணாக்குவதே. அதற்காகப் பெட்டியையே உயரமாகச் செய்துவிட்டால், மண் அள்ளும் நாளில் பொக்லைன்காரர் விளிம்பு வரை நிரப்பாமல் விடமாட்டார். ஆகவே பக்கச் சுவரை ஒன்றரை அடியோடு நிறுத்தி, அதன் மேல் செருகிக் கழற்றக்கூடிய கம்பிச் சட்டங்களைத் தனியாகச் செய்து வாங்குங்கள். உரத்துக்கும் கடலைக்கொடிக்கும் சட்டத்தைப் பொருத்துங்கள். மண்ணுக்குக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தின் மேல் இறங்குவதால், சேற்று நிலத்தில் பிடிமானம் கூடும். பின்னோக்கி எடுப்பதும் எளிது. நான்கு சக்கர வண்டி கொக்கியின் மேல் பாரம் ஏற்றாமல் தானே நிற்கும். நீண்ட தூரச் சாலைப் பயணத்துக்கு அது நல்லது. ஆனால் அதில் வளையும் இடங்கள் இரண்டு இருப்பதால், வரப்போரமாகப் பின்னுக்கு எடுத்து மண் கொட்டப் பழகிய ஓட்டுநரே திணறுவார். இரண்டு சக்கர வண்டியில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. பெட்டி மேலே எழும்பும்போது பாரம் அச்சுக்குப் பின்னால் நகர்ந்து, கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். பூட்டு இல்லாத வெறும் பின்னைச் செருகி ஓட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வண்டல் மண் ஈரத்தில் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. எனவே பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சில அங்குலம் அகலமாகவும், அடித்தகட்டில் குறுக்கே வெல்டிங் மேடுகள் இல்லாமலும் இருக்க வேண்டும். பெட்டி 45 பாகைக்குக் குறையாமல் எழும்ப வேண்டும். இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் தூக்கிய பெட்டிக்குள் ஆள் ஏறி மண்வெட்டியால் சுரண்ட நேரிடும். உயிர் போவது அப்படித்தான். பெட்டி தானே இறங்காதபடி தாங்கி நிற்கும் இரும்பு முட்டு ஒன்றைச் சட்டத்தோடு இணைத்தே செய்து தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் தூக்கிய பெட்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. கொட்டும் இடம் சமமாக இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பெட்டியைத் தூக்கும் ஜாக்கி டிராக்டரின் எண்ணெயிலேயே இயங்குகிறது. பல டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், ஹோஸ் முனையில் ஒட்டிய புழுதி உள்ளே போனால் கெடுவது டிரெய்லர் மட்டுமல்ல. முனைக்கு மூடி கேட்டு வாங்குங்கள். ஜாக்கி முழுவதும் நீளும்போது எவ்வளவு எண்ணெய் எடுத்துக்கொள்கிறது, அந்த அளவை உங்கள் டிராக்டர் தாங்குமா என்பதை டிராக்டர் விற்ற முகவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாடகை ஓட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் தனிப் பதிவு தேவை. விவசாயப் பயன்பாட்டுக்கென்று பதிந்த வண்டியில் வாடகைக்கு மணல், ஜல்லி ஏற்றினால் அது சரக்கு வாகன ஓட்டமாகிவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும். காப்பீட்டில் டிராக்டரோடு டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்த எடையை மீறினால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். மணல், ஜல்லி போன்ற கனிமங்களை ஏற்ற, அவற்றைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டான நடைச்சீட்டும் தேவை. ஏரி வண்டலை உங்கள் வயலுக்கு எடுப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: பழைய டிப்பர் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: புதுப் பெயின்ட் வெல்டிங் விரிசலையும் மறைக்கும். கொக்கி பிரதான சேனலோடு சேரும் இடத்தையும், பெட்டி சாய்ந்து எழத் தாங்கும் இரும்புப் பின் (pin) இருக்கும் இடத்தையும் சுரண்டிப் பாருங்கள். கொக்கியின் கண் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அந்த வண்டி தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்கியிருக்கிறது என்று பொருள். சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். பாரத்தோடு பெட்டியைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, எவரையும் அருகே விடாமல் 10 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தானாக இறங்கினால் ஜாக்கியிலோ டிராக்டரின் வால்விலோ கசிவு இருக்கிறது, எதில் என்பதை மெக்கானிக்கை வைத்துப் பிரித்தறியலாம். சேஸிஸ் எண் பதிவுச் சான்றிதழோடு பொருந்தாவிட்டாலோ, அதில் கடன் குறிப்பு நீங்காமல் இருந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி: புதிதாகச் செய்து வாங்கிய டிப்பரின் ஜாக்கி இரண்டே மாதத்தில் ஒழுகத் தொடங்கிவிட்டது. பட்டறை உரிமையாளர் அதிக பாரம் ஏற்றியதால்தான் என்று கைவிரிக்கிறார். என்னிடம் துண்டுச்சீட்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவும் உங்கள் துண்டுச்சீட்டும் சேர்ந்து ஆதாரமாகும். குறையைப் படமெடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி, பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், சுயதொழில் மூலம் பிழைப்புக்காகவே வாங்கி நீங்களே பயன்படுத்துகிறீர்கள் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஏற்றும் எடையின் வரம்பைப் பட்டறை எங்காவது எழுத்தில் கொடுத்ததா என்பதையும் தேடிப் பாருங்கள்; அப்படி ஒன்றைக் கொடுக்கவே இல்லை என்றால், அதிக பாரம் என்ற அவருடைய வாதம் பெருமளவு வலுவிழக்கும்.