பிறருக்காக மன்றாடும் ஜெபம்: குடும்பத்தில் அது என்ன செய்கிறது?

மாமியாரோடு மனஸ்தாபம். "அவருக்காக ஜெபம் பண்ணும்மா" என்கிறார் போதகர். கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது என்பதுதான் கேள்வி.

இன்னொருவருடைய தேவையை நம்முடையதாக எடுத்துக்கொண்டு கடவுளிடம் கேட்பதே மன்றாட்டு ஜெபம். கோபம் தீர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றில்லை. அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). பிள்ளையில்லாத குறை ஒரு பக்கம், கணவனின் மற்ற மனைவி பெனின்னாளின் குத்தல் பேச்சு மறுபக்கம். உதடுகள் மட்டும் அசைய அழுது ஜெபித்தாள். ஆசாரியர் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். எழுந்து போனவள் சாப்பிட்டாள், முகவாட்டம் நீங்கியது. பிள்ளை அப்போது கிடைத்திருக்கவில்லை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிலைமைக்கு முன்பே மனம் மாறிவிடுகிறது.

காரணம் எளிது. ஒருவருடைய பெயரைச் சொல்லித் தினமும் கேட்கும்போது அவருடைய மூட்டுவலியும் தனிமையும் பயமும் நம் கண்ணில் படத் தொடங்கும். தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டின் சிறு அறையில்) நெருக்கியடித்து வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை அதே மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பி வருவோம். அந்தச் சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். பறிப்பதும் கஷ்டம், தேயிலையின் தரமும் குறையும். மனக்கசப்பும் அப்படித்தான், கவனிக்காமல் விட்டால் முற்றிவிடும். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் இரண்டு நிமிடம் ஜெபித்தால் போதும்.

"ஜெபிக்கிற பெண் அடியையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சிலர் சொல்வது தவறு: மன்றாடிக்கொண்டே 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பும் கேட்கலாம்.