மைக்ரோசெரடாப்ஸா, மைக்ரோசெரடஸா?

கேள்வி: என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக டைனோசர் அட்டைகள் செய்கிறாள். பழைய படப்புத்தகத்தில் 'மைக்ரோசெரடாப்ஸ்' என்று ஒரு சின்னக் கொம்பு டைனோசர் இருக்கிறது. புதிய பட்டியல்களில் அதையே 'மைக்ரோசெரடஸ்' என்கிறார்கள். அட்டையில் எதை எழுதச் சொல்வது?

பதில்: மைக்ரோசெரடஸ் என்றே எழுதட்டும். இது எழுத்துப் பிழையோ உச்சரிப்பு வேறுபாடோ இல்லை. 2008-இல் முறைப்படி பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் பழைய பெயர்தான் இருக்கும்.

மாற்றத்துக்குக் காரணம் ஒரு குளவி. சுவீடனைச் சேர்ந்த புதைபடிவ ஆய்வாளர் பிர்கர் போலின் 1953-இல் இந்தத் தாவர உண்ணிக்கு மைக்ரோசெரடாப்ஸ் கோபியென்சிஸ் என்று பெயரிட்டார். 'சிறிய கொம்பு முகம்' என்பது கிரேக்கப் பொருள். கோபியென்சிஸ் என்றால் கோபிப் பாலைவனத்தைச் சேர்ந்தது. ஆனால் மைக்ரோசெரடாப்ஸ் என்ற பேரினப் பெயர் (அறிவியல் பெயரின் முதல் சொல்) அதற்கு முன்பே ஒரு குளவிக்கு வைக்கப்பட்டிருந்தது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி விலங்குலகம் முழுவதிலும் ஒரு பேரினப் பெயர் ஒரு பேரினத்துக்கு மட்டுமே உரியது. எது முதலில் வெளியானதோ அதற்கே உரிமை. ஒன்று பூச்சி, இன்னொன்று டைனோசர், யாரும் குழம்ப மாட்டார்கள் என்று வாதாட முடியாது. குளவி தன் பெயரை வைத்துக்கொண்டது. டைனோசருக்கு மைக்ரோசெரடஸ் என்ற புதுப் பெயரைத் தந்தவர் போர்ச்சுகலின் ஒக்டாவியோ மட்டேயுஸ்.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, போலினின் உழைப்பு மறைக்கப்படவில்லை என்பதுதான். கோபியென்சிஸ் என்ற சிற்றினப் பெயர் அப்படியே நிற்கிறது. முழுப் பெயரை மைக்ரோசெரடஸ் கோபியென்சிஸ் (போலின், 1953) என்று எழுதுவார்கள். அந்த அடைப்புக்குறி சும்மா போட்டதில்லை. இந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்தவர் போலின், பேரினப் பெயர் பிறகு மாறியது என்ற இரண்டு செய்திகளையும் அது சொல்லிவிடுகிறது.

உங்கள் புத்தகத்தில் டைசெரடாப்ஸ் என்ற இன்னொரு கொம்பு டைனோசரும் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதே 2008 கட்டுரையில் மட்டேயுஸ் அதற்கு டைசெரடஸ் என்று பெயரிட்டார். ஆனால் உக்ரைன்ஸ்கி என்ற ஆய்வாளர் 2007-லேயே நெடோசெரடாப்ஸ் என்ற பெயரைத் தந்திருந்தார். முந்தியது என்பதால் அதுதான் செல்லும். அது தனிப் பேரினமே இல்லை, ட்ரைசெரடாப்ஸ்தான் என்று கருதுகிறவர்களும் உண்டு.

அப்புறம், படத்தையும் ஒருமுறை பாருங்கள். போலினிடம் இருந்தவை துண்டு துண்டான எலும்புகள்தான். பழைய புத்தகங்களில் மெலிந்த கால்களோடு ஓடும் மைக்ரோசெரடாப்ஸ் பெரும்பாலும் மங்கோலியாவில் கிடைத்த வேறொரு எலும்புக்கூட்டை வைத்து வரையப்பட்டது. 1975-இல் அதைப் போலினின் சிற்றினத்தோடு சேர்த்தார்கள். 2000-இல் பால் செரினோ அதைப் பிரித்து கிராசிலிசெரடாப்ஸ் என்று தனிப் பெயர் கொடுத்தார். போலினின் துண்டுகள் ஒரு தனி விலங்கை அடையாளம் காட்டப் போதாது என்பதும் அவர் கருத்து. அதனால் அந்தப் படத்தைப் பயன்படுத்தினால், அதன் கீழே கிராசிலிசெரடாப்ஸ் என்று எழுதுவதுதான் நியாயம்.

கொம்பு டைனோசர் என்பதால் ட்ரைசெரடாப்ஸின் நீண்ட கொம்புகளை இதற்கு வரைந்துவிட வேண்டாம். இந்தக் குழுவின் ஆரம்பகால உறுப்பினர்களுக்கு அப்படிக் கொம்பு கிடையாது. சீனாவின் சின்ஜியாங்கில் கிடைத்த, சுமார் 16 கோடி ஆண்டுகள் பழமையான யின்லாங்குக்கும் கொம்பு இல்லை. ஆனாலும் அது இந்தக் குழுதான். காரணம், மேல் அலகின் நுனியில் உள்ள ஒரு தனி எலும்பு. கொம்பு இருக்கிறதோ இல்லையோ, இந்த எலும்பு குழு முழுவதிலும் இருக்கும். கிளிமூக்கு போன்ற அந்த அலகு செடிகளை வெட்டித் தின்ன உதவியது. அட்டையில் அதைக் கொஞ்சம் அழுத்தமாக வரையச் சொல்லுங்கள்.

பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் சாய்வெழுத்தில் அச்சிடுவது வழக்கம். கையால் எழுதினால் அடிக்கோடு போதும். கீழே சிறிய எழுத்தில் 'முன்பு மைக்ரோசெரடாப்ஸ்' என்று சேர்த்துவிட்டால், அதே பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.