பனிக்காலத்தில் மழைமானி: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் வானிலை நிலையம் வைத்திருக்கிறோம். பனி கொட்டிய அன்று மழைமானி 0 காட்டியது. இரண்டு நாள் கழித்து, மேகமே இல்லாத வெயிலில், 6 மி.மீ. மழை பெய்ததாகப் பதிவாகிவிட்டது. கருவி பழுதா?

பதில்: பழுது இல்லை. புனலுக்குக் கீழே ஏற்றப்பலகை போல ஆடும் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கின்றன. 0.2 மி.மீ. மழைக்கு ஈடான நீர் சேர்ந்ததும் ஒரு கிண்ணம் சாயும், ஒரு எண்ணிக்கை ஏறும். பனி புனலிலேயே தங்கிவிடுவதால் கிண்ணத்துக்கு அன்று எதுவும் வரவில்லை. வெயில் பட்டு உருகிச் சொட்டியதைத்தான் கருவி மழை என்று எண்ணியது.

நாள் மட்டுமல்ல, அளவும் தவறாகத்தான் இருக்கும். ஆழமில்லாத புனல் சீக்கிரம் நிரம்பி, மேலே குவியும் பனி சரிந்து விழும். காற்று அடித்தால், இலேசான பனித்துகள்கள் மானியின் வாய்க்குள் இறங்காமல் அதைத் தாண்டிப் பறந்துவிடும். அந்த 6 மி.மீ.யை நம்பாதீர்கள். உருகிய நாளின் பதிவிலிருந்து அதை நீக்கிவிட்டு, கையால் அளந்த அளவைப் பனி விழுந்த நாளில் எழுதுங்கள்.

கேள்வி: கையால் சரியாக அளப்பது எப்படி?

பதில்: எடை போடுங்கள். இதைவிட நம்பகமான வழி வீட்டில் கிடையாது. மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள உருளைப் பாத்திரம் வேண்டும்; வாளி போல வாய் விரிந்தது உதவாது. உள்விட்டம் 20 செ.மீ., உயரம் 30 செ.மீ. இருந்தால் நல்லது. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

வெறும் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு, சுவர், மரம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, பனி தொடங்குமுன் வெளியே வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடுத்து, வெளிப்புறம் ஒட்டிய பனியைத் துடைத்துவிட்டு நிறுங்கள். உருக்க வேண்டியதே இல்லை. பனியானாலும் நீரானாலும் எடை ஒன்றுதான். பனியின் எடையை (கிராம்) வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுத்து 10 ஆல் பெருக்கினால் மி.மீ. கிடைக்கும். 20 செ.மீ. விட்டத்துக்குப் பரப்பு 314. பனி 283 கிராம் என்றால் 9 மி.மீ.

காற்று பலமாக வீசிய நாளில் இந்தப் பாத்திரமும் குறைவாகத்தான் பிடிக்கும். அதற்காக 40 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை ஒன்றுக்கு வெள்ளை வண்ணம் பூசித் தரையில் வைத்திருங்கள். (கறுப்புப் பலகை வெயிலை வாங்கி அடியிலிருந்தே பனியை உருக்கிவிடும்.) பலகை மேல் படிந்த பனியில் பாத்திரத்தைக் கவிழ்த்து அழுத்தி, அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, அப்படியே நிமிர்த்தி நிறுங்கள். காற்று ஓரிடத்தில் குவித்த பனியாக இல்லாதவரை, இந்த அளவே உண்மைக்கு நெருக்கம். பனியின் ஆழத்தையும் இதே பலகையில் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். பிறகு பலகையைத் துடைத்து, புதிய பனிப்பரப்பின் மேல் வையுங்கள்.

கேள்வி: ஆழத்தைப் பத்தால் வகுத்தால் நீரின் அளவு வந்துவிடாதா?

பதில்: தோராயமாக மட்டுமே. 0 டிகிரியை ஒட்டி விழும் ஈரப்பனிக்கு வகுக்கும் எண் 5 வரை இறங்கும்; கடுங்குளிரில் விழும் பஞ்சுப்பனிக்கு 20ஐயும் தாண்டும். 12 செ.மீ. பனியில் 24 மி.மீ. நீரும் இருக்கலாம், 6 மி.மீ. நீரும் இருக்கலாம்.

கேள்வி: புனலில் வெந்நீர் ஊற்றலாமா? உறையாத் திரவம்? ஹீட்டர்?

பதில்: வெந்நீர் வேண்டாம். ஊற்றும் நீரும் மழையாகவே எண்ணப்படும், குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும், மிஞ்சும் ஈரம் கிண்ணத்தின் அச்சில் உறைந்து சிக்கும். உறையாத் திரவம், நீரைத் தேக்கி எடைபோடும் வகை மானிகளுக்கானது. உங்கள் மானியில் அது அடியில் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

ஹீட்டர் பயன்படும், ஆனால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக, கம்பி வழி மின்சாரம் பெறுவதாக இருக்க வேண்டும். பேட்டரியும் சிறு சூரியத் தகடும் அந்தச் சுமையைத் தாங்காது. புனல் 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். அதிகம் சுட்டால் நீர் ஆவியாகும், மேலெழும் வெதுவெதுப்பான காற்று பனித்துகளை விரட்டும். நீர் வெளியேறும் துளையும் உறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட்டர் இல்லையென்றால், பனிக்காலம் முழுவதும் புனலை மூடி வைப்பதே நல்லது. மறுபடி திறக்கும்போது சோதியுங்கள்: புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் 314 மி.லி. நீரை, ஊசித்துளை இட்ட குவளையிலிருந்து ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். 10 மி.மீ., அதாவது 50 சாய்வுகள் பதிவாக வேண்டும். 45 தான் வருகிறதென்றால், முதலில் மானி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு கிண்ணங்களையும் அச்சையும் துடையுங்கள். சோதனை மழையைப் பதிவிலிருந்து நீக்க மறக்க வேண்டாம்.