எலக்ட்ரிக்கல் சர்க்யூட் வரையும் சாஃப்ட்வேரைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: டிப்ளமோ இஇஇ முடித்துவிட்டு, பேனல் போர்டு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். எலக்ட்ரிக்கல் டிராயிங் போடும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆட்டோகேட், கீகேட், இபிளான் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதில், எப்படித் தொடங்குவது?

பதில்:

பேனல் வேலைக்கு என்றால் கியூஎலெக்ட்ரோடெக் (QElectroTech) என்ற மென்பொருளில் தொடங்குங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதில் ஒரே ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டரை (மோட்டாரை நேரடியாக லைனில் சேர்த்து ஓட்டுகிற ஸ்டார்ட்டர்) முழுதாக வரைந்து முடியுங்கள். முழுதாக என்றால், வயர்மேன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் வயரிங்கை முடிக்க வேண்டும். அது வந்த பிறகு ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலா, இபிளானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "சர்க்யூட் வரையும் சாஃப்ட்வேர்" என்று தேடினால் இரண்டு தனித்தனித் தொழில்களுக்கானவை கலந்து வரும். கீகேட் 1992-ல் பிரான்ஸில் ஷான் பியர் ஷராஸ் தொடங்கியது. பின்னாளில் செர்ன் ஆய்வகமும் அதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. மிக நல்ல மென்பொருள், ஆனால் அது பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, செய்கிறவர்களுக்கு. அதில் வரைகிற கோடு கடைசியில் போர்டின் மேல் செம்புத் தடமாக மாறும். உங்கள் கோடு ஒயராகவும், ஒயர் முனையில் மாட்டுகிற எண் வளையமான ஃபெரூலாகவும், டெர்மினலாகவும் மாற வேண்டும். கான்டாக்டர் என்பது காயிலுக்கு (சுருளுக்கு) சப்ளை கொடுத்தால் கான்டாக்டுகளைச் சேர்த்துப் பிரிக்கிற மின்காந்த சுவிட்ச். அதன் காயில் 3-ஆம் பக்கத்திலும் கான்டாக்ட் 7-ஆம் பக்கத்திலும் இருந்தால், ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றது எங்கே இருக்கிறது என்று தானாக எழுதிக் காட்டுகிற வேலை (கிராஸ் ரெஃபரன்ஸ்) பேனல் சாஃப்ட்வேருடையது. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கீகேட்டை தாராளமாகக் கற்கலாம். இப்போது வேண்டாம்.

சாதாரண ஆட்டோகேட்டில் தொடங்கவும் நான் சொல்லமாட்டேன். நிறைய பேனல் கடைகளில் இன்றைக்கும் அதில்தான் வரைகிறார்கள், தெரியும். பழைய டிராயிங்கைத் திறந்து, காப்பி செய்து, பெயரை மாற்றி வேலையை முடிக்கிறார்கள். அங்கே கோடு வெறும் கோடுதான். கே1 என்று நீங்கள் எழுதியது ஒரு எழுத்துத் துண்டு, அதற்கும் பக்கத்தில் இருக்கிற காயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. காயிலை கே5 என்று மாற்றினால் நான்கு பக்கம் தள்ளி இருக்கிற கான்டாக்ட் கே1 ஆகவே நிற்கும். அந்தத் தவறு ஸ்கிரீனில் தெரியாது, டெஸ்டிங் நேரத்தில் இரவு எட்டு மணிக்குத்தான் தெரியும். இந்தப் பழக்கத்தோடு தொடங்கினால் பிறகு நல்ல சாஃப்ட்வேர் கிடைத்தாலும் அதையும் கோடு போடுகிற பலகையாகவே பயன்படுத்துவோம். லட்சக்கணக்கில் லைசென்ஸ் வாங்கி வைத்துவிட்டு மெட்டீரியல் லிஸ்ட்டைக் கையால் எண்ணி எக்செல்லில் அடிக்கிறவர்கள் உண்டு. வருத்தமாக இருக்கும்.

சரி, டிஓஎல்லுக்கு வருவோம். முதல் பக்கம் பவர். மூன்று ஃபேஸ் வருகிறது, எம்சிபி, கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் டிரிப் ஆகிறது), மோட்டார். இது சுலபம், அரை மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டாவது பக்கம் கன்ட்ரோல். விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கன்ட்ரோல் எம்சிபியிலிருந்து வருகிற ஒயருக்கு 1 என்று எண் வையுங்கள். அது ஓவர்லோடின் 95-க்குப் போகிறது (95, 21, 13 போன்றவை பொருளின் மேல் இருக்கிற டெர்மினல் எண்கள்). 96-ல் வெளியே வரும்போது எண் 2. அது ஸ்டாப் பட்டனின் 21-க்கு. 22-ல் வெளியே வந்தால் 3, ஸ்டார்ட் பட்டனின் 13-க்கு. 14-ல் வெளியே வந்தால் 4, கான்டாக்டர் காயிலின் ஏ1-க்கு. ஏ2 நியூட்ரல். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக கான்டாக்டரின் சொந்த 13-14, பட்டனை விட்ட பிறகும் பிடித்து வைத்துக்கொள்வதற்கு.

இதில் கவனியுங்கள். ஒரு பொருளைத் தாண்டினால் எண் மாறுகிறது, தாண்டாதவரை எத்தனை இடத்துக்குக் கிளை பிரிந்தாலும் அதே எண்தான். 3-ஆம் எண் மூன்று இடத்தில் இருக்கிறது: ஸ்டாப்பின் 22, ஸ்டார்ட்டின் 13, கான்டாக்டரின் 13. 4-ஆம் எண்ணும் மூன்று இடத்தில்: ஸ்டார்ட்டின் 14, கான்டாக்டரின் 14, ஏ1. மென்பொருள் இந்த இணைப்பு முழுவதையும் ஒரே பொட்டன்ஷியலாகப் பார்க்கிறது. கியூஎலெக்ட்ரோடெக்கில் ஒரு கண்டக்டரின் எண்ணை மாற்றும்போது அதே பொட்டன்ஷியலில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றலாம். முதல்முறை அப்படி மாற்றிப் பார்க்கும்போதுதான், நாம் படம் வரையவில்லை, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற தகவலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது கைக்குப் புரியும்.

இன்னும் ஒரு படி போங்கள். பட்டன்கள் இரண்டும் கதவில் இருக்கின்றன, மற்றதெல்லாம் உள்ளே பிளேட்டில். அப்படியானால் கதவுக்கு எத்தனை ஒயர் போகும்? மூன்று: 2, 3, 4. ஸ்டாப்பின் 22-க்கும் ஸ்டார்ட்டின் 13-க்கும் இடையில் கதவிலேயே ஒரு லூப் போட்டுவிடலாம். ஆக டெர்மினல் ஸ்ட்ரிப்பில் இந்தப் பட்டன்களுக்கு மூன்று டெர்மினல் போதும். இதைக் கண்டக்டரின் மேல் டெர்மினல் சின்னம் வைத்துக் காட்டுங்கள். சர்க்யூட் சரியாக இருந்து, இது இல்லாத டிராயிங்தான் வயர்மேனை அடிக்கடி எழுந்து வந்து கேட்க வைக்கும்.

டெர்மினல் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒழுங்கு தெரிந்தால் போதும். துணை கான்டாக்டில் கடைசி இலக்கம் 1-2 என்றால் என்சி (ஓய்வில் மூடியிருப்பது), 3-4 என்றால் என்ஓ (ஓய்வில் திறந்திருப்பது). முதல் இலக்கம் அது எத்தனையாவது கான்டாக்ட் என்பது. 95-96, 97-98 ஓவர்லோடுக்கு. பவர் பக்கம் மேலே 1, 3, 5, கீழே 2, 4, 6. எந்தக் கம்பெனி கான்டாக்டரை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே எண்கள் உடம்பில் அச்சடித்திருக்கும். ஒரு கான்டாக்டரைக் கையில் வைத்துக்கொண்டு வரைவது நல்லது.

சின்னங்களில் இரண்டு மரபு உண்டு. அமெரிக்க முறையில் என்ஓ கான்டாக்ட் இரண்டு இணைக்கோடுகளாக, கெப்பாசிட்டர் போலத் தெரியும். ஐஇசி 60617 என்ற சர்வதேசத் தர முறையில் சாய்ந்த கோடு. நம் பக்கம் பெரும்பாலும் ஐஇசிதான். யூடியூபில் அமெரிக்கப் பாடம் ஒன்றும் ஐரோப்பியப் பாடம் ஒன்றும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். எந்த முறையானாலும் எல்லா கான்டாக்டும் ஓய்வு நிலையில்தான் வரைய வேண்டும்: காயிலுக்கு சப்ளை இல்லை, பட்டனை யாரும் அழுத்தவில்லை, ஓவர்லோட் டிரிப் ஆகவில்லை. "மோட்டார் ஓடும்போது இது மூடியிருக்குமே" என்று நினைத்து மூடி வரைகிற வழக்கம் புதியவர்களிடம் நிறையப் பார்க்கிறேன்.

பெயர் எழுத்துகளிலும் கொஞ்சம் குழப்பம் வரும். பழைய டிராயிங்குகளில் கான்டாக்டர் கே, விளக்கு எச். இப்போதைய ஐஇசி 81346 வகைப்பாட்டில் மோட்டாருக்குப் போகிற பவரைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டர் கியூ (Q), சிக்னல் விளக்கு பி (P). நீங்கள் சேர்ந்திருக்கிற இடத்தில் எது வழக்கமோ அதைப் பின்பற்றுங்கள். பாதியில் மாற்றினால் சைட்டில் இருக்கிறவர்கள்தான் திணறுவார்கள்.

மென்பொருளுக்குள் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. புது புராஜெக்ட் திறந்து, டைட்டில் பிளாக்கில் பெயர், தேதி, ரிவிஷன் எண் போடுங்கள். இடதுபக்கப் பட்டியலிலிருந்து சின்னத்தை இழுத்து வையுங்கள். ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் இழுத்தால் கண்டக்டர் வந்துவிடும். பொருளை நகர்த்தினாலும் அது கூடவே வரும். அப்புறம் முக்கியமான ஒன்று: காயில் என்பது மாஸ்டர், அதன் கான்டாக்டுகள் ஸ்லேவ். கான்டாக்டை டபுள் கிளிக் செய்து அதன் மாஸ்டர் எது என்று காட்டிவிடுங்கள். உடனே காயிலின் கீழே அதன் கான்டாக்டுகள் எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று வந்துவிடும். இதைச் செய்யாமல் கே1 என்று கையால் டைப் செய்தால் சாதாரண ஆட்டோகேட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. வேண்டிய சின்னம் இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம், அதற்கு உள்ளேயே எடிட்டர் உண்டு. ஆனால் ஆரம்பத்திலேயே சின்னம் செய்வதில் இறங்க வேண்டாம். அது முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகும்.

கலரை நம்பாதீர்கள். பேனல் கடையில் டிராயிங் கருப்பு வெள்ளை ஏ3 தாளில்தான் பிரிண்ட் ஆகும், அதன் மேல் கிரீஸ் கையும் படும். சிவப்பு ஆர் ஃபேஸ் என்று கலரை மட்டும் வைத்துக் காட்டினால் பிரிண்டில் ஒன்றும் தெரியாது. எழுதிவிடுங்கள்.

டிஓஎல் முடிந்ததும் அடுத்து ஸ்டார் டெல்டா, அதாவது மோட்டாரை ஸ்டார் இணைப்பில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றுகிற ஸ்டார்ட்டர். மூன்று கான்டாக்டர், ஒரு டைமர். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், ஒவ்வொன்றின் என்சியும் மற்றதன் காயில் வரிசையில் நிற்க வேண்டும். இந்த இன்டர்லாக்கை வரையும்போது கிராஸ் ரெஃபரன்ஸின் அருமை தெரியும். மோட்டார் பக்கம் ஆறு ஒயர், மூன்று வைண்டிங்குக்கும் இரண்டிரண்டு முனை (யு1-யு2, வி1-வி2, டபிள்யு1-டபிள்யு2). டெல்டாவில் யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2 என்று சேர வேண்டும். தாளில் இதைச் சரியாகக் காட்டுவது நல்ல பயிற்சி. லாஜிக் சரிதானா என்ற சந்தேகம் வந்தால் கேட்-சிமு என்ற இலவச மென்பொருளில் அதே சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்க்கலாம், பட்டனை அழுத்தினால் காயில் எடுப்பதும் டைமர் ஓடுவதும் ஸ்கிரீனில் தெரியும். கியூஎலெக்ட்ரோடெக்கில் அந்த வசதி கிடையாது.

இதற்குப் பிறகு நான் மிகவும் வலியுறுத்துகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. உங்கள் கடையில் முடிந்து டெஸ்டிங்குக்குக் காத்திருக்கிற, அல்லது சர்வீஸுக்கு வந்திருக்கிற ஒரு சிறிய பேனலை எடுங்கள். சப்ளை இல்லை என்பதை டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, சீனியர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஃபெரூல் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒயர் ஒயராகப் பின்தொடர்ந்து டிராயிங்கை நீங்களே உருவாக்குங்கள். பிறகு அசல் டிராயிங்கோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடங்கள் சில இருக்கும். சில உங்கள் தவறு, சில சைட்டில் யாரோ மாற்றிவிட்டு டிராயிங்கில் ஏற்றாதது. எது எது என்று வயர்மேனிடம் கேளுங்கள். பேனல் வேலையில் டிராயிங்கைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான். எந்த டெர்மினலில் இரண்டு ஒயருக்கு மேல் உட்காராது, எந்த ஒயர் டக்ட் (ஒயர் போகிற பள்ளம்) நிறைந்துவிடும் என்று எந்த மெனுவும் உங்களுக்குச் சொல்லாது, அவர் சொல்வார்.

கட்டண மென்பொருள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் 2019 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் சந்தாவோடு ஒரு டூல்செட்டாக வருகிறது, ஆனால் எல்டி என்ற வசதி குறைந்த பதிப்பில் கிடையாது. உங்கள் நிறுவனத்தில் முழு ஆட்டோகேட் இருந்தால் இது ஏற்கெனவே கையில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கேட்டலாகிலிருந்து கான்டாக்டரின் மாடலைத் தேர்ந்தெடுத்தால் 13-14, 21-22 எண்களை அதுவே போடும். இருக்கிற கான்டாக்டை விட அதிகமாகப் பயன்படுத்தினால் எச்சரிக்கும். மெட்டீரியல் லிஸ்ட்டும், எந்த ஒயர் எங்கிருந்து எங்கே என்ற பட்டியலும் ரிப்போர்ட்டாக வரும். இபிளான் ஜெர்மன் தயாரிப்பு. ஐரோப்பாவுக்கு இயந்திரம் ஏற்றுமதி செய்கிற இடங்களிலும் பெரிய ஆட்டோமேஷன் நிறுவனங்களிலும் அதைக் கேட்பார்கள். கற்க நாள் பிடிக்கும், ஆனால் டிஓஎல்லையும் ஸ்டார் டெல்டாவையும் மேலே சொன்னபடி வரைந்தவருக்கு மாஸ்டர், பொட்டன்ஷியல், டெர்மினல் ஸ்ட்ரிப் எதுவும் புதிதாக இருக்காது, மெனு எங்கே இருக்கிறது என்பதுதான் புதிது. இரண்டுக்குமே மாணவர்களுக்கான இலவச லைசென்ஸ் உண்டு. நீங்கள் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் அதை நிறுவன வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கிராக் செய்த பதிப்பை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள், மாட்டிக்கொள்வது உங்கள் நிறுவனம். கட்டண மென்பொருள் கிடைக்கும்வரை கியூஎலெக்ட்ரோடெக்கில் வரைந்து பிடிஎஃப் ஆகவே கொடுங்கள், வயரிங்குக்கு அது போதும். வாடிக்கையாளர் ஆட்டோகேட் ஃபைல் கேட்டால், ஆட்டோகேட்டில் திறக்கிற டிஎக்ஸ்எஃப் ஃபைலாகவும் எடுக்கலாம்.