கத்தரிப்பதும் மடிப்பதும் நாமே என்றால், குளிர்காலக் கைவேலையில் குழந்தைக்கு என்ன மிச்சம்?

கேள்வி: மழலையர் பள்ளியில் 3 முதல் 5 வயது வரை உள்ள 18 குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். உதவிக்கு ஒருவர் இருக்கிறார். குளிர்காலம் வந்தால் பஞ்சு ஒட்டிய பனிமனிதன், காகிதத்தில் கத்தரித்த பனிப்படிகம், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிகிறது. மடிப்பதும் வெட்டுவதும் நாங்கள்தான். குழந்தைகள் கண்ணையும் மூக்கையும் ஒட்டிவிட்டு இரண்டே நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று பெற்றோரும் எதிர்பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: குழந்தைகளின் பொறுமையைக் குறை சொல்லாதீர்கள். மாதிரி ஒன்றை மாட்டிவைத்து, அதைப் போலவே செய்யச் சொன்னால், அவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு நிமிட வேலைதான். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்துபோகிறார்கள். அதே குழந்தையின் முன்னால் ஒரு பெரிய பனிக்கட்டியை வையுங்கள். நீங்கள் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. உறைவது, உருகுவது, படிகமாவது, நீரை ஒட்டவிடாமல் விலக்குவது என்று குளிர்காலத்தோடு சேர்ந்த பொருள்கள் எல்லாம் தாமாகவே ஏதாவது செய்துகொண்டிருக்கும். அந்த மாற்றம் குழந்தையின் கையில் நடக்கும்படி வேலையை அமையுங்கள். வெளியே பனி பொழிய வேண்டும் என்பதில்லை, ஒரு குளிர்பதனப் பெட்டி போதும்.

முதலில் நான் சொல்வது உப்பும் பனிக்கட்டியும். ஒரு அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி முதல் நாள் மாலையே உறைய வைத்துவிடுங்கள். காலையில் அந்தக் கட்டியை விளிம்புள்ள தட்டில் கவிழ்த்து வைத்து, குழந்தைகளிடம் கரண்டியும் தூள் உப்பும் கொடுங்கள். உப்பு விழுந்த இடத்தில் நீரின் உறைநிலை குறைந்து, கட்டியில் குழிகளும் சின்னச் சின்னச் சுரங்கங்களும் உண்டாகும். பிறகு, நீரில் கரைத்த வண்ணத்தைச் சொட்டுக்குழாயால் விடச் சொல்லுங்கள். வண்ணம் அந்தச் சுரங்கங்களுக்குள் ஓடி, உள்ளே மரக்கிளைகளைப் போலப் பரவும். சொட்டுக்குழாயை அமுக்கி விடுவதே விரல்களுக்கு நல்ல பயிற்சி. பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். ஒரு எச்சரிக்கை முக்கியம். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை வெறும் பனிக்கட்டியைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும்; பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விடும். அதைத் தோலில் அழுத்திப் பிடித்தால் குளிரால் புண்ணாகும். அதனால் உப்புப் போட்ட கட்டியைக் கையில் எடுக்க விடாதீர்கள். கரண்டியோடும் சொட்டுக்குழாயோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் கீறல் உள்ள குழந்தைக்கு உப்பு எரியும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்தது வண்ணப் பனிக்கட்டி ஓவியம். ஐஸ் தட்டில் வண்ண நீரை ஊற்றி, பாதி உறைந்ததும் ஒவ்வொரு குழியிலும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி முழுதாக உறைய விடுங்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டு தடித்த காகிதத்தின் மேல் தேய்த்தால், முதலில் ஒன்றும் தெரியாது. உருக உருகத்தான் வண்ணம் வரும். அந்தக் காத்திருப்பு குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்க வேண்டாம். கடுங்குளிரில் இருக்கும் கட்டி ஈரமான விரலிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு பளபளவென்று ஈரமாகத் தொடங்கியதும் கொடுங்கள்.

இனி பனிப்படிகத்துக்கு வருகிறேன். மடித்து வெட்டும் பனிப்படிகத்தை 3 வயதுக் குழந்தைக்குத் தருவது நியாயமே இல்லை. ஆறு கைகள் வரும்படி மடித்த காகிதத்தில் பன்னிரண்டு அடுக்குகூட இருக்கும். நமக்கே கை வலிக்கும். அந்த வயதில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு முறை ‘சக்’ என்று கத்தரிக்கத்தான் வரும். 4 வயதுக்கு மேல் நேர்கோட்டில் வெட்டப் பழகுவார்கள். ஆகவே 2 செ.மீ. அகலத்தில் சற்றுத் தடித்த காகிதப் பட்டைகளைக் கொடுங்கள். ஒரே வெட்டில் ஒரு துண்டு விழும். விழுந்த துண்டுகளை நீலக் காகிதத்தில் ஒட்டினால் அவையே பனி. டிஷ்யூ காகிதம் கத்தரிக்கோலில் மடங்கி வழுக்கும், அதைக் கிழிக்கக் கொடுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும், ஆனால் வெட்டாத கத்தரிக்கோல் எந்தக் குழந்தைக்கும் உதவாது. இடதுகைப் பழக்கமுள்ள குழந்தைக்கு அதற்குரிய கத்தரிக்கோலை வாங்கி வையுங்கள்.

படிக வடிவம்தான் வேண்டும் என்றால் மூன்று ஐஸ்கிரீம் குச்சிகளை நடுவில் குறுக்காக ஒட்டச் சொல்லுங்கள். ஆறு கைகள் தாமாகவே வந்துவிடும். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் பனிப்படிகத்துக்கு ஆறு கைகள். அலங்காரப் பொருள்களில் பார்க்கும் எட்டுக் கைப் படிகம் இயற்கையில் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். தம் வாழ்நாளில் 5000க்கும் அதிகமான படிகங்களை எடுத்தார். அந்தப் படங்களில் சிலவற்றை மேசையில் பரப்பிவைத்து, கைகளை எண்ணச் சொல்லுங்கள். மாதிரி எதுவும் காட்டாமலே, பிள்ளைகள் தங்கள் குச்சிகளில் கிளைகள் சேர்க்கத் தொடங்குவார்கள்.

உண்மையான படிகத்தையே வரவழைக்க எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) இருக்கிறது. ஒரு கோப்பைச் சூடான நீரில் ஒரு கோப்பை எப்சம் உப்பைப் பெரியவர் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் கொடுக்க வேண்டும். கறுப்பு அல்லது கருநீலக் காகிதத்தில் பூசினால், காய்ந்த பிறகு ஊசி ஊசியாக வெண்படிகங்கள் தெரியும். சில மணி நேரம் ஆகும், மாலையில் வீட்டுக்குப் போகும்முன் பார்க்கலாம். எப்சம் உப்பை விழுங்கினால் வயிற்றுப்போக்கு ஆகும். எதையும் வாயில் வைக்கும் பருவத்தைத் தாண்டாத குழந்தைகளுக்கு இது வேண்டாம். இதே வேலைக்குப் போராக்ஸை (வெண்காரம்) பரிந்துரைக்கும் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. உடலுக்குக் கேடு செய்யும் அந்தப் பொருளை மழலையர் வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது.

வெள்ளைக் கிரேயானால் வெள்ளைக் காகிதத்தில் அழுத்திக் கிறுக்கி, அதன்மேல் நீர்த்த நீல வண்ணம் பூசுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெழுகு நீரை ஒட்டவிடாது. பழையது என்று ஒதுக்க வேண்டாம், முதல் முறை பார்க்கும் குழந்தைக்கு அது மாயம். மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து மேசை விளிம்பில் ஒட்டிவைத்தால், குழந்தைகள் அவற்றை எடுத்து இலையில்லாத மரமாகக் காகிதத்தில் ஒட்டுவார்கள். ஸ்பாஞ்சால் வண்ணம் ஒற்றி, கொஞ்சம் காய்ந்ததும் டேப்பை மெல்ல உரித்தால் வெண்மரம் நிற்கும். கையுறை வடிவ அட்டையில் துளையிட்டு, கம்பளி நூலின் நுனியில் டேப் சுற்றிக் கொடுத்தால் 4 வயதுக்காரர்கள் கோத்துக்கொண்டே இருப்பார்கள்.

18 பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைப்பதுதான் உங்களை வெட்டவும் மடிக்கவும் வைக்கிறது. ஒரு மேசை, ஐந்தாறு குழந்தைகள், ஒரு பெரியவர். மற்றவர்கள் இன்னொருவர் பார்வையில் விளையாடட்டும். அதே வேலை இரண்டு மூன்று நாள் மேசையிலேயே இருக்கட்டும். முதல் நாள் தூர நின்று பார்த்த குழந்தை இரண்டாம் நாள் வந்து உட்காரும். இரண்டு நிமிடத்தில் எழுந்துபோன குழந்தையும் திரும்பி வரும். விருப்பமில்லாத குழந்தையை இழுத்து வைக்க வேண்டாம். “இது என்ன?” என்று கேட்பதைவிட, “இங்கே வண்ணம் உள்ளே போயிருக்கிறதே” என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், பேச்சு தானே வளரும். குளிர்கால உடை தடிமனானது. கைப்பகுதி நனைந்தால் நாள் முழுதும் குழந்தை நடுங்கும். வேலைக்கு முன்பே சுருட்டிவிடுங்கள், பக்கத்தில் வெதுவெதுப்பான நீரும் துண்டும் வையுங்கள். சன்னல்கள் மூடிக்கிடக்கும் காலம் என்பதால் வார்னிஷ், தெளிப்பு வண்ணம் போன்றவற்றை அறைக்குள் பயன்படுத்த வேண்டாம்.

இன்னும் சில பொருள்களை அறவே ஒதுக்குங்கள். நீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகளை ‘செயற்கைப் பனி’ என்று பயன்படுத்துகிறார்கள். விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகும். தெர்மோகோல் மணிகள் மூக்கிலும் காதிலும் போய்விடும். சிறு விளக்குகள் வைத்து விளக்குக் கூண்டு செய்தால், பட்டன் பேட்டரி இருக்கும் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதா என்று நீங்களே பாருங்கள். விழுங்கிய பேட்டரி சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வெளியே பொறுக்க அழைத்துப் போனால் சுள்ளி, காய்ந்த இலை, பைன் காய் சரி. எந்தப் பழமணியும் வேண்டாம். குளிர்கால அலங்காரத்துக்குப் பயன்படும் ஹோலி, மிஸ்ஸில்டோ பழங்கள் நச்சுத்தன்மை உள்ளவை.

பெற்றோரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருகிப்போன பனிக்கட்டியை வீட்டுக்கு அனுப்ப முடியாதுதான். தட்டில் தேங்கிய வண்ண நீரின் மேல் ஒரு காகிதத்தை ஒற்றி எடுத்துக் காயவையுங்கள். வேலை செய்தபோது குழந்தை சொன்னதை ஒரு வரி அப்படியே அதன் பின்புறம் எழுதுங்கள்: “உப்பு பனிக்கட்டியைத் தின்றுவிட்டது” என்பதைப் போல. பெயரும் தேதியும் சேர்த்து அனுப்புங்கள். வீட்டில் அதைப் பற்றிக் கேட்டால், சொல்வதற்குக் குழந்தையிடம் விஷயம் இருக்கும்.