பங்குனியிலேயே மொட்டையாகும் பெட்டூனியா தொட்டி

கேள்வி: திருச்சியில் இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. பொங்கல் சமயத்தில் வாங்கிய பெட்டூனியாவை ஆறு தொங்கு தொட்டிகளில் வைத்தேன். மாசி வரை தொட்டியே தெரியாத அளவுக்குப் பூத்தது. இப்போது நடுவில் மொட்டை, நீண்ட தண்டுகளின் நுனியில் மட்டும் ஒன்றிரண்டு பூ. தினமும் காலையில் தண்ணீர் விட்டும் மதியம் துவண்டுவிடுகிறது. யூரியா போடலாமா? கோடை முழுக்கப் பூக்க என்ன வழி?

பதில்: யூரியா வேண்டவே வேண்டாம். போட்டால் இலை தழைக்கும், பூ இன்னும் குறையும், இந்த வெயிலில் வேர் கருகினாலும் கருகும். உங்கள் செடிக்குப் பசி இல்லை, தாகம்.

ஒரு தொட்டியைக் கீழே இறக்கி, ஈர்க்குச்சியை நடுவில் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். மேலே ஈரமாக இருந்தாலும் உள்ளே போன பகுதி காய்ந்த தூளோடுதான் வரும் என்று நினைக்கிறேன். நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். அது ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைப் பிடிக்காது, ஓரமாகச் சுருங்கி வழிவிட்டுவிடும். நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியாக அடியில் ஒழுகிவிடுகிறது, ஒழுகுவதைப் பார்த்து நாமும் போதும் என்று நிறுத்திவிடுகிறோம். ஒரு பக்கெட் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிட்டு மாட்டுங்கள். தூக்கும்போதே கனம் தெரியும், அந்தக் கனம் கைக்குப் பழகிவிட்டால் பிறகு குச்சியே தேவையில்லை. வாரம் ஒரு தடவை இப்படி முக்கி எடுங்கள், மற்ற நாட்களில் காலை ஒன்று, மாலை ஒன்று. நாலு பக்கமும் காற்றுப்படுகிற தொட்டிக்குச் சித்திரையில் ஒரு வேளைத் தண்ணீர் பற்றாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். பெட்டூனியா நம் சமவெளியில் பனிக்காலப் பூ. ஊட்டியிலும் பெங்களூரிலும் கோடையில் பூப்பதைப் பார்த்துவிட்டுத் திருச்சியில் கத்திரி வரை இழுக்க நினைத்தால் நடக்காது. ஆசைக்கு இரண்டு தொட்டியைப் பாதி நீளத்துக்கு வெட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் நிழல் விழும் இடத்தில் மாட்டுங்கள், இன்னும் ஒரு சுற்று பூக்கலாம். மீதி நாலையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்கு என் தேர்வு பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்களே, அதுதான். கிழக்குப் பால்கனிக்குக் கச்சிதமாகப் பொருந்தும், காலை வெயில் பட்டதும் விரிந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்க வேண்டாம், பக்கத்து வீட்டில் விரல் நீளத் தண்டுகளாகக் கிள்ளி வாங்கி வாருங்கள். ஒரு தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு, அதில் பாதியை விளிம்பை ஒட்டி வெளிப்பக்கம் சாய்த்து நடுங்கள். எல்லாவற்றையும் நடுவில் நட்டுவிட்டுத்தான் பலர் ஓரம் நிறையவில்லை என்கிறார்கள். வேர் பிடித்துத் தளிர் விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், மொட்டு இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நுனி போன இடத்தில் இரண்டு மூன்று கிளைக்கும், தொட்டி அடர்வது அதனால்தான். கிள்ளியதைத் தூக்கிப் போடாமல் மொட்டையான இடத்தில் செருகிவிடுங்கள். இதற்குப் பெட்டூனியா அளவுக்குத் தண்ணீர் வேண்டாம், மேல்மண் காய்ந்த பிறகு விட்டால் போதும், சொதசொதவென்று இருந்தால் தண்டு அழுகிவிடும். நித்தியகல்யாணியும் வைக்கலாம், ஆனால் அது நிமிர்ந்து வளரும், தொங்கி வழியாது.

உரத்துக்கு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மாலையில், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் மட்டும். போன வருஷம் நானே அவசரத்தில் காய்ந்த தொட்டியில் ஊற்றி, மறுநாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றதைப் பார்த்தேன். மொட்டு வைத்த பிறகு சாம்பல் சத்து அதிகமுள்ள 13:0:45 உரத்துக்கு மாறலாம். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரால் பெரிய பலன் எதையும் நான் கண்டதில்லை.

கணுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள்.

மே மாதம் நாலு நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் தொங்கவிட்டபடி போகாதீர்கள். எல்லாவற்றையும் முக்கி எடுத்து, நிழலில் தரையில் நெருக்கி வைத்துவிட்டுப் போங்கள்.