படகு வீட்டில் விளக்கும் ஹீட்டரும்: வாசகர் கேள்வி-பதில்

லண்டன் வாடகைக்குப் பயந்து கால்வாய்ப் படகில் குடியேறுபவர்களிடமிருந்து குளிர்காலம் தொடங்கும் முன்பே கேள்விகள் வந்துவிடுகின்றன. அவற்றில் ஐந்துக்குப் பதில் இங்கே.

கேள்வி: ஆல்பர்ட்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் பழைய நாரோபோட் (குறுகிய, நீண்ட கால்வாய்ப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர். புகைக்குழாய் இல்லாத 3 கிலோவாட் மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று இருந்தால் குளிரைச் சமாளிக்கலாம் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

வேண்டாம். புகைக்குழாய் இல்லை என்றால், எரிந்து வருவதெல்லாம் நீங்கள் மூச்சு விடும் அறைக்குள்தான் தங்கும். முதலில் ஈரம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். 3 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். மாலை ஆறு மணி நேரம் எரித்தால் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர், குளிர்ந்த இரும்புச் சுவரிலும் ஜன்னல் சட்டத்திலும் வழியும். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிப்பதற்குக் கூரை ஒழுக வேண்டியதில்லை, இதுவே போதும்.

அடுத்தது காற்று. போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சோதனையில் காற்றுத் திறப்பைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. புகைக்குழாய் இல்லாத கருவிக்குக் கிலோவாட்டுக்கு 2200 சதுர மில்லிமீட்டர், ஆளுக்கு 650. உங்கள் படகுக்கு 6600 + 1300 = 7900, அதாவது 79 சதுர சென்டிமீட்டர். பாதி தரையோரத்தில், பாதி கூரையோரத்தில், மூட முடியாத திறப்பாக இருக்க வேண்டும். பூச்சி வலை போட்டிருந்தால் வலைக்கம்பி அடைக்கும் இடத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஜனவரி இரவில் அத்தனை திறப்பும் திறந்தே கிடந்தால் காசு கொடுத்து வாங்கிய சூடு வெளியே போகும். பொறுக்க முடியாமல் யாராவது பழந்துணியை அடைப்பார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான்: ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு கூடும்.

சிலிண்டரை உள்ளே வைத்து உருட்டிச் செல்லும் கேஸ் ஹீட்டருக்கும் இதே பதில்தான். போதாததற்குக் கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் என்றால் கதவிடுக்கு வழியாகவாவது வெளியேறும். படகின் அடித்தளம் மூடிய தொட்டி, இறங்கிய வாயு அங்கேயே தேங்கும். விறகு அல்லது புகையில்லா நிலக்கரி எரியும், புகைக்குழாய் வைத்த சிறிய இரும்பு அடுப்பு, இல்லையெனில் முறையாகப் பொருத்திய டீசல் ஹீட்டர். வாங்குவதானால் இந்த இரண்டில் ஒன்று.

கேள்வி: அப்படியானால் அரிக்கேன் விளக்கும் கூடாதா? மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒன்று மாட்டலாம் என்று பார்த்தோம்.

ஒன்று மாட்டலாம். அது விளக்கு, ஹீட்டர் அல்ல என்பது நினைவிருந்தால் சரி. சாதாரணத் தட்டைத் திரி விளக்கு மணிக்கு 20 மில்லி அளவில் எரிந்து, ஏறக்குறைய 200 வாட் சூடு தரும். விழித்திருக்கும்போது, காற்றுத் திறப்புகள் திறந்திருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். தூங்கப் போகும்முன் அணைத்துவிடுங்கள்.

வாங்கும்போது பழைய பித்தளை விளக்கின் அழகில் மயங்கிவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் அடித்தையல் ஒழுகுகிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரியை ஏற்றி இறக்கும் பற்சக்கரம் வழுக்கக் கூடாது, கண்ணாடிச் சிம்னி ஆடக் கூடாது. படகுக்கு மேசை விளக்கைவிடச் சுவரில் திருகி மாட்டும் விளக்கு நல்லது. இன்னொரு படகு வேகமாகக் கடந்தால் எழும் அலையே மேசை விளக்கைச் சாய்த்துவிடும்.

மண்ணெண்ணெய் இங்கே பாரஃபின் என்ற பெயரில் கிடைக்கும், ஹீட்டருக்கான உயர்ரகம் புகை குறைவு. அலங்கார விளக்குக்கென்று நிறம் சேர்த்து விற்கும் கெட்டியான லாம்ப் ஆயில் தட்டைத் திரியில் சரியாக ஏறாது. திரி கருகும், சுடர் மங்கும், நீங்கள் விளக்கைக் குறை சொல்வீர்கள். பெட்ரோல் கலந்த எண்ணெய் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற 38 டிகிரி செல்சியசாவது வேண்டும், பெட்ரோல் ஆவிக்கு உறைபனிக் குளிரே போதும். பெட்ரோல் நிரப்பியிருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கி வருவதும் அதே தப்புதான்.

தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், சூடானால் எண்ணெய் விரியும். நிரப்புவது விளக்கு அணைந்து ஆறிய பிறகு, முடிந்தால் படகுக்கு வெளியே. புதுத் திரி என்றால் ஊறுவதற்கு அரை மணி நேரம் விட்டுவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் எரிவது எண்ணெயல்ல, திரி. நேராக வெட்டி இரண்டு மூலையையும் லேசாகக் கிள்ளிவிட்டால் சுடர் கொம்பு முளைக்காமல் வட்டமாக நிற்கும். முதல் பத்து நிமிடம் தாழ்வாக வைத்து, கண்ணாடி சூடேறியபின் உயர்த்துங்கள். சிம்னியில் கரி பிடித்தால் திரி அதிகம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நாரோபோட்டின் கூரை தாழ்வு என்பதால் சிம்னி வாய்க்கு நேர் மேலே உலோகத் தட்டு ஒன்று மாட்டியே தீர வேண்டும். அரை மணி நேரம் எரிந்தபின் கூரைப் பலகையில் கையை வையுங்கள். கையை அங்கேயே வைத்திருக்க முடியாவிட்டால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: இணையத்தில் மலிவான சீன டீசல் ஹீட்டர் கிட் வாங்கினேன். எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நானே பொருத்தலாமா?

ஹீட்டர் மோசமில்லை, மோசம் பெட்டியில் கூட வரும் பாகங்கள். லாரிக்கு அடியில், திறந்த வெளியில் மாட்டுவதற்கென்று செய்தவை அவை. சைலன்சரில் தண்ணீர் வடியச் சிறு துளை இருக்கும், தையலும் காற்றுப்புகாததாக இருக்காது. லாரிக்கு அடியில் அது தொல்லையில்லை, படகின் எஞ்சின் அறைக்குள் என்றால் புகை நேராகப் படுக்கையறைக்கு வரும். சைலன்சரையும் புகைக்குழாயையும் தூக்கிப் போட்டுவிட்டு, கசிவில்லாத கடல்படகு சைலன்சர், இரட்டைச் சுவர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், படகுச் சுவரில் பொருத்தும் சூடு தாங்கும் வாய் ஆகியவற்றைத் தனியாக வாங்குங்கள். குழாய் முழுக்கச் சூடு தாங்கும் உறை போடுங்கள். வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலே, ஜன்னலுக்கும் காற்றுத் திறப்புக்கும் தள்ளி இருக்கட்டும். கூட வரும் மெல்லிய பிளாஸ்டிக் எண்ணெய்க் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

மின்கம்பி மெல்லியதாக இருந்தால் தொடங்கும்போதே மின்னழுத்தக் குறைவு காட்டி நின்றுவிடும். பற்றவைக்கும் பிளக் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். நிறுத்தும்போது பேட்டரி சுவிட்சைத் தட்டாதீர்கள், ஹீட்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் கரி படியும், அவ்வப்போது 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். ஒரே ஹீட்டரை 5 கிலோவாட் என்றும் 8 கிலோவாட் என்றும் இரண்டு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இணைப்பு வேலை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் கடைசியில் ஒரு கடல்படகு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிரித்தானிய நிறுவனத்திடம் இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். பழுதானதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். தனிநபரிடம் பழையதாக வாங்கினால் இந்த உரிமை கிடையாது.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரம் எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

பெட்டியில் இஎன் 50291-2 என்று இருக்கிறதா பாருங்கள். படகுக்கும் கேரவனுக்கும் உரிய தரம் அது, 50291-1 வீட்டுக்கு. குடியிருப்பு அறை உள்ள படகில் அலாரம் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் 1 முதல் போட் சேஃப்டி ஸ்கீம் விதி. அடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தள்ளி, சுவரில் உயரமாக, கூரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது கீழே மாட்டுங்கள். படுக்கையறையில் தலையணை உயரத்தில் இன்னொன்று. வாரம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், காலாவதித் தேதி பின்பக்கம் இருக்கும்.

அது உடனே கத்தாது: காற்றில் கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்தில், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்தில், 300 என்றால் 3 நிமிடத்துக்குள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்து கரையில் இறங்கியதும் சரியானால், அலாரம் கத்தாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். கத்தினால் கதவு ஜன்னலைத் திறந்து, எரிவதை அணைத்து, எல்லோரையும் கரையேற்றிவிட்டு அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். உங்கள் படகில் எதுவும் எரியாதபோது கத்தினால், பக்கத்துப் படகின் ஜெனரேட்டரையோ எஞ்சினையோ பாருங்கள். அணையும் நிலையில் இருக்கும் பார்பெக்யூவை உள்ளே கொண்டுவருவதும் ஆளைக் கொல்லும்.

கேள்வி: பேட்டரியில் மின் ஹீட்டர் ஓடாதா?

ஓடும், கால் மணி நேரம். 2000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 167 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 180க்கு மேல். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். கரையில் 16 ஆம்பியர் மின் இணைப்பு உள்ள மரினாவில் (படகு நிறுத்துமிடம்) படகைக் கட்டியிருந்தால் மட்டும் மின் ஹீட்டர் வாங்குங்கள், 2 கிலோவாட்டுக்கு அங்கே 9 ஆம்பியர்கூட ஆகாது. அப்போதும் சாய்ந்தால் தானே அணையும் எண்ணெய் ரேடியேட்டர் வகையாகப் பாருங்கள். விசிறி ஹீட்டரை நாரோபோட்டின் குறுகிய நடைவழியில் வைத்தால் திரைச்சீலை அதன் மேல் விழுவதற்கு அதிக நாள் ஆகாது.